சத்தமில்லாத இன்ஜின்

கள்ளக்குறிச்சியில் நான் மெக்கானிக். இன்ஜின் வேலை முடித்துக் கொடுத்த ஜீப்பில் சத்தமே வரக் கூடாதென்று, வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர் ஆர்மில் விட வேண்டிய இடைவெளியைக் குறைத்து இறுக்கிவிட்டேன்.

கல்வராயன் மலை ஏற்றத்தில் இன்ஜின் சூடேறியதும் வால்வுகள் சரியாக மூடாமல், இழுவை போய் வண்டி நின்றது. நானும் அதில் இருந்தேன். சந்தைக்கு வந்து திரும்பிய பெண்கள் இறங்கி, அரிசி மூட்டைகளைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

நான் உண்மையைச் சொல்ல வாயெடுப்பதற்குள் டிரைவர் சொன்னான்: "மூட்ட ஜாஸ்தியா ஏத்திட்டேங்கண்ணா. நீங்க இன்னா பண்ணுவீங்க? சத்தமே இல்லாம ஓடிக்கினு இருந்துச்சே."

"ஆமாம்ப்பா" என்றேன்.

இன்ஜின் ஆறியதும், சும்மா பார்ப்பதுபோல் கவரைத் திறந்து, நான் இறுக்கிய திருகுகளைத் தளர்த்தினேன். டிக்டிக்கென்று ஜீப் ஏறியது.

அதிலிருந்து அவன் மூட்டை ஏற்றுவதில்லை. அந்தப் பெண்கள் சுமந்துகொண்டே மலையேறுகிறார்கள். வழியில் பார்த்தால், "நல்லா இருக்கீங்களாண்ணா?" என்கிறார்கள். தலையை மட்டும் ஆட்டுகிறேன்.