சூட்தான் இறுக்குகிறது என்று நினைத்தேன்

போன வருடம் குளிர் விட்டு வெயில் ஏறத் தொடங்கிய சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. புனேயில் கோர்படிப் பக்கம் உள்ள ஒரு நீச்சல் குளத்தில் பெரியவர்களுக்கான போட்டி நடந்தது. முப்பதைத் தாண்டியவர்கள் முதல் எழுபதைத் தாண்டியவர்கள் வரை கலந்துகொள்ளும் போட்டி. எல்லோருமே வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஆசைக்காக நீந்துகிறவர்கள்தான். பதக்கம் கிடைத்தால் வீட்டு அலமாரியில் வைப்போம், அவ்வளவுதான். ஐம்பது மீட்டர் நீந்த நானும் பெயர் கொடுத்திருந்தேன்.

நான் கோவைக்காரி. கணவரின் கம்ப்யூட்டர் வேலைக்காகப் புனே வந்து வானவடியில் குடியேறி வெகு காலமாகிறது. நாற்பது வயதுக்குப் பிறகுதான் நீச்சல் கற்றேன். மகள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போனதும் வீடு வெறிச்சோடிவிட்டது. காலையில் தண்ணீருக்குள் இருக்கும் நேரம்தான் எனக்கு ஆறுதல்.

எங்கள் நீச்சல் குழுவில் என்னைத் தவிர இன்னொரு தமிழ்ப் பெண்மணி உண்டு. கட்கியில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா அங்கே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், பூர்வீகம் வேலூர்ப் பக்கம். என்னைவிடச் சில வயது மூத்தவர், நீச்சலிலும் என்னைவிட வேகம். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை 'வா, போ' என்றுதான் பேசுவார். குளத்தை 'டாங்க்' என்பார். அவர் பேச்சில் பாதி தமிழ், பாதி இந்தி. இந்த ஊரில் எனக்குக் கிடைத்த சொந்தம் மாதிரி இருந்தார்.

எங்களுக்குள் மனத்தாங்கல் வந்தது ஒரு நீச்சல் உடையால்.

விடுமுறைக்கு வந்த மகள் எனக்கு ஒரு ரேசிங் சூட் வாங்கி வந்திருந்தாள். பெரிய போட்டிகளில் வீராங்கனைகள் போடுவது. தோளிலிருந்து முழங்கால் வரை உடம்பை இறுக்கிப் பிடிக்கும், காகிதம் போல மெல்லிசான துணி. தண்ணீர் அதில் ஒட்டவே ஒட்டாது. உடம்பு தளர்ந்து அலையாமல் வழுக்கிக்கொண்டு போகலாம். அதை உடுத்துவதே ஒரு பாடு. காலில் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு மேலே இழுக்க வேண்டும், தோள்பட்டையை ஏற்றிவிட இன்னொரு ஆள் வேண்டும். அத்தனை விலை கொடுத்தும் சில போட்டிகளுக்குத்தான் அந்த இறுக்கம் தாங்கும்.

அதைப் போட்டுப் பழகிய முதல் நாளே என் வேகம் கூடியது. மறுநாள் குளத்துக்கு வெளியே போஹா என்கிற அவல் உப்புமா தின்றுகொண்டிருந்தபோது, நம் மாதிரி ஆட்களுக்கு இதெல்லாம் வேண்டுமா என்ற பேச்சு வந்தது. குழு இரண்டாகப் பிரிந்தது. வேண்டாம் என்று அழுத்தமாகச் சொன்னவர் அக்காதான்.

"நீந்தறது நீயா, அந்தத் துணியா?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. "ஓட்டப் பந்தயத்துல நல்ல ஷூ போட்டா யாரும் கேக்கறதில்லீங்களே அக்கா. இந்த வயசுல உடம்பு தளருது. துணி கொஞ்சம் தாங்கிப் புடிச்சா என்ன தப்பு?" என்றேன்.

அவர் மேலும் ஏதோ சொல்ல வந்தார். நான் கேட்கவில்லை. தன்னை முந்திவிடுவேன் என்ற பயம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். முகத்திலும் அது தெரிந்திருக்கும் போல. அடுத்த நாளிலிருந்து அக்கா என்னிடம் இந்தியில் பேச ஆரம்பித்தார், அதுவும் 'ஆப்' போட்டு, மரியாதையாக. யாரோ அந்நியரிடம் பேசுவது போல. திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. எனக்கும் வீம்பு. நானும் இந்தியிலேயே பதில் சொன்னேன். குழுவில் முடிவு எதுவும் ஆகவில்லை. இந்தப் போட்டியில் விரும்பியவர்கள் போடலாம், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

போட்டி நாளன்று குழுவில் இன்னொரு பெண்தான் எனக்குச் சூட்டை ஏற்றிவிட்டாள். போட்டதுமே மூச்சு பிடித்தது. இறுக்கமான உடைதானே என்று விட்டுவிட்டேன். உடம்பைச் சூடாக்கிக்கொள்ள நிதானமாக ஒருமுறை நீந்திவிட்டு ஏறினேன். நெஞ்சைச் சுற்றி ஒரு பாரம். முதுகின் மேல்பக்கம் கனத்தது, தாடையில் பல்வலி போல ஒரு குடைச்சல். ஈரத்தையும் மீறி நெற்றியில் வியர்ப்பது தெரிந்தது. சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர்களிடம், "சூட் டைட்" என்று சொல்லிச் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள். யாரோ பதற்றம் என்றார்கள், யாரோ குளுக்கோஸ் கொடுத்தார்கள்.

அக்கா எதிர்ப்பக்கத்தில் நின்றிருந்தார். எனக்கும் அவருக்கும் ஒரே பந்தயம். எங்களை அழைக்கப் போகிற நேரம், தொப்பியை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். குளத்தைச் சுற்றி வேகமாக நடந்து வந்தார்.

"இன்னா பண்ணுது உனக்கு?"

வாரக்கணக்கில் பேசாத தமிழ். "ஒண்ணுமில்லீங்க அக்கா. சூட்தான் இறுக்குது" என்றேன்.

"அப்ப கழட்டிப் பாத்துடலாம். கழட்டினா சரியாயிட்டா சூட்டு. ஆவலேன்னா வேற."

நான் மறுத்தேன். பந்தயம் நெருங்குகிறது, கழற்றினால் மறுபடி போட நேரமில்லை. அவர் காது கொடுக்கவில்லை. கையைப் பிடித்து எழுப்பி, உடை மாற்றும் அறைக்குக் கூட்டிப் போனார். தோள்பட்டையை இறக்கப் பார்த்தார். ஈரத்தில் அது அசையவே இல்லை. முதலுதவிப் பெட்டியிலிருந்து கத்தரிக்கோல் வாங்கி வரச் சொல்லி ஒரு பெண்ணை அனுப்பினார்.

எனக்கு அப்போதும் புத்தி வரவில்லை. "அக்கா, வெட்டாதீங்க. எம் பொண்ணு வாங்கிக் குடுத்தது" என்று கெஞ்சினேன்.

"அவகிட்ட நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார். தோளிலிருந்து வயிறு வரை வெட்டிவிட்டார்.

துணி இரண்டாக விலகியது. நான் ஆழமாக மூச்சை இழுத்துப் பார்த்தேன். பாரம் அப்படியே இருந்தது. நெஞ்சின் மேல் எதுவுமே இல்லை, ஆனாலும் அந்த இறுக்கம் போகவில்லை. அந்தக் கணத்தில்தான் எனக்குப் பயம் வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் புரிந்துவிட்டது. என்னைத் துண்டால் போர்த்தினார்.

வெளியே ஒலிபெருக்கியில் எங்கள் பந்தயத்துக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குழுவில் ஒருவரின் காரில் என்னை ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார். ரயில்வே கேட்டை ஒட்டி வண்டிகள் தேங்கி நின்றன. அக்கா கண்ணாடியை இறக்கி, முன்னால் நின்ற ஸ்கூட்டர்காரர்களிடம் மராத்தியில் வழி விடச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு கையால் என் கையைப் பிடித்திருந்தார். "கண்ண மூடாதே. பேசு. எதுனா பேசு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என்ன பேசினேன் என்று நினைவில்லை. மாவு அரைத்து வைத்தது அப்படியே கிடக்கிறது என்று சொன்னதாக அவர் பிறகு சொன்னார்.

மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்ததும் டாக்டரின் நடை மாறியது. மாரடைப்பு. உடனே ஆஞ்சியோ செய்து, அடைப்பு இருந்த ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். எனக்குப் புகைப் பழக்கமோ சர்க்கரையோ கிடையாது. தினமும் நீந்துகிற எனக்கா என்று கேட்டேன். "வரும்போது யாருக்கும் வரும். அந்த நிலைமையில் பந்தயத்தில் முழு வேகத்தில் நீந்தியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டாம்" என்றார் டாக்டர்.

என் கணவர் வந்து சேர்ந்தபோது அவசரப் பிரிவு வாசலில் அக்கா தன் பழைய நீலக் காஸ்ட்யூமின் மேல் யாரோ கொடுத்த மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, வெறுங்காலுடன் நின்றிருந்தாராம். வருகிறவர் போகிறவர் எல்லாம் திரும்பிப் பார்த்தார்களாம். "எனக்கு அவங்களப் பாத்ததும்தான் இது எவ்வளவு பெரிய விஷயம்னு புரிஞ்சுது" என்று கணவர் சொன்னார். மகளுக்குப் போன் செய்து பக்குவமாகச் சொன்னதும் அக்காதான். முதலில் உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டு, அதன்பிறகு சூட்டை வெட்டிவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டாராம். மறுமுனையில் என் மகள் அழுததைக் கேட்டு அக்காவும் அழுதாராம்.

சில மாதங்கள் கழித்து டாக்டர் அனுமதியோடு குளத்துப் பக்கம் போனேன், சும்மா உட்கார்ந்து பார்க்க. அன்றைக்குப் பார்த்து சூட் விஷயத்தைப் பேசி முடித்துவிடலாம் என்றார்கள். இனி யாரும் இதற்கு ஆதரவாகப் பேச மாட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஒருவர், "நம் கண் முன்னாலேயே நடந்ததே, அதற்கு மேல் என்ன வேண்டும்" என்று என்னைக் காட்டினார். பலர் தலையாட்டினார்கள்.

அக்கா எழுந்தார். எல்லோருக்கும் புரிய இந்தியில்தான் பேசினார். இவளுக்கு வந்த நெஞ்சுவலிக்கு அந்தச் சூட் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, பழைய காஸ்ட்யூம் போட்டிருந்தாலும் அன்றைக்கு வந்திருக்கும், இவள் வலியை எடுத்து என் வாதத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டாம் என்றார். பிறகு தன் காரணத்தைச் சொன்னார். ஐம்பது வயதில் முதல்முறையாகக் காஸ்ட்யூம் போட்டுக் கூச்சத்தோடு நாலு பேர் முன்னால் வந்து நிற்கிறவர்கள் நம் போட்டிக்கு வருகிறார்கள். பக்கத்து வரிசையில் இப்படியொரு சூட்டைப் பார்த்தால் இது நமக்கான இடமில்லை என்று திரும்பிப் போய்விடுவார்கள். அதனால்தான் அன்றைக்கும் வேண்டாம் என்றேன், இன்றைக்கும் அதனால்தான் என்றார்.

போஹா தட்டோடு நின்ற அந்தக் காலையில் அவர் சொல்ல வந்ததும் இதுதான். என்னைப் பற்றியோ, பந்தயத்தில் முந்துவதைப் பற்றியோ அதில் ஒன்றுமே இல்லை.

கை தூக்கச் சொன்னபோது நான் சூட் இருக்கலாம் என்ற பக்கம்தான் தூக்கினேன். அவர் சொன்னதில் நியாயம் இருப்பது புரிந்தது. ஆனாலும் வயதான உடம்புக்கு ஒரு துணி கொடுக்கும் தெம்பை நான் அனுபவித்திருக்கிறேன், அதைப் பொய் என்று சொல்ல மனம் வரவில்லை. எங்கள் பக்கம் தோற்றது. எங்கள் குழு நடத்தும் போட்டிகளில் சாதாரணக் காஸ்ட்யூம் மட்டும் என்று முடிவானது. அக்கா என் அருகே வந்து உட்கார்ந்து, "திருந்தவே மாட்டியா நீ?" என்று தமிழில் கேட்டார். மாட்டேன் என்றேன்.

இப்போது மெதுவாக நீந்துகிறேன். அவர் அடுத்த வரிசையில் போகிறார், திரும்பும்போதெல்லாம் நான் வருகிறேனா என்று பார்த்துக்கொள்கிறார். யாரோடாவது கருத்து மோதி, அந்த ஆளின் முகத்தையே பார்க்கப் பிடிக்காமல் போகும்போது, என்னோடு சிரித்தவர்கள் அத்தனை பேருக்கும் தெரியாத என் முகவாட்டம், என்னோடு பேசாமலிருந்த அக்காவின் கண்ணில் பட்டதை நினைத்துக்கொள்கிறேன். பிறகு அந்த ஆளின் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.