புருஷன் விரதத்தைப் பிடுங்கிக்கொண்டவள்

கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலத்தில், எங்கள் பழவேற்காட்டுக் குப்பத்தில் முனியம்மாளைப் போல் சாப்பிட்டவள் எவளும் இல்லை. மீன் விற்கிறவள்தான். நல்ல மடவையை வீட்டுக்கு ஒதுக்கிவிட்டுப் பொடிசுகளை ஊர் தலையில் கட்டுவாள். கேட்டால், "என் வவுறு, என் மீனு, உனக்கின்னா?" என்பாள். வாய் அப்படி.

அவள் புருஷன் செங்கல்வராயன் காலில் திருக்கை மீன் முள் ஏறி உள்ளேயே முறிந்துகொண்டது. கெண்டைக்கால் வீங்கிச் சீழ் பிடித்தது. கோட்டை வைத்தியன் அறுத்து எடுப்பதாக நாள் குறித்தான். உடனே நம் செங்கல்வராயன், பெரிய புத்திசாலி, கங்கையம்மனுக்குக் காப்புக் கட்டிக்கொண்டான். முள் வெளியே வந்து, தன் காலால் கோயிலுக்குப் போகும்வரை ஒருவேளைக் கூழ்தான்.

குறித்த நாளில் வைத்தியன் அவன் எலும்பு துருத்திய விலாவைத் தடவிப் பார்த்து முகம் சுளித்தான். கூட வந்த துபாஷி அவன் பேச்சைத் தமிழில் எடுத்துச் சொன்னார்: "கப்பல்ல பட்டினி கெடந்தவனுங்களை அறுத்தா புண்ணே மூடலையாம். இப்ப அறுத்தா இவன் காலே போயிடுமாம். மீனும் முட்டையும் துன்னு தேறி வரச் சொல்றாரு."

"காப்பு கட்டிட்டேனே, அம்மா கண்ணைக் குத்திடுவா!" என்றான் செங்கல்வராயன்.

முனியம்மாள் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். காப்புக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துத் தன் கையில் கட்டிக்கொண்டாள். "அம்மாவுக்கு ஒரு வவுறு காயணும், அவ்ளோதானே? என்னுது காயட்டும். நீ துன்னுய்யா!"

குப்பமே சிரித்தது. முனியம்மாளாவது, விரதமாவது! ஆனால் இருந்தாள். தினமும் நண்டு வறுத்து அவனுக்குப் போட்டுவிட்டு, எதிரில் உட்கார்ந்து கூழைக் குடித்தபடி அவனையும் அம்மனையும் சேர்த்துத் திட்டினாள். அவன் தேறினான். வைத்தியன் அறுத்தான், முள் வந்தது, புண்ணும் அழகாக மூடியது.

அந்தப் படுபாவி மட்டும் எழுந்திருக்கவில்லை. "இன்னும் வலிக்குதுடி" என்று படுத்தபடியே நண்டுக்காலை உறிஞ்சினான். முனியம்மாள் எலும்பும் தோலுமானாள். பசியைவிடப் பயம்தான் அவளைத் தின்றது. இனி இவன் நடக்கவே மாட்டானோ என்று தனியே உட்கார்ந்து அழுதாள்.

ஒருநாள் தண்ணீர்க் குடத்தோடு திரும்பினால், ஐயா அடுப்படியில் ஜம்மென்று நின்று சட்டியை வழித்துக்கொண்டிருக்கிறார்! குடத்தைப் போட்டுவிட்டு அகப்பையைத் தூக்கினாள். அவன் ஓடினான். காயப்போட்ட வலைகளைத் தாண்டி, நொண்டாமல் கொள்ளாமல் ஓடி, ஒளிய வேறு இடமில்லாமல் கங்கையம்மன் கோயிலில் போய் விழுந்தான்.

துரத்தி வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அகப்பை கீழே விழுந்தது.

"ஓடினியேய்யா! என் சாமி, நீ ஓடினியேய்யா!" அவன் காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, காப்பை அறுத்து அம்மன் முன்னால் போட்டாள்.

"வேண்டுதல் முடிஞ்சுது தாயே. யோவ், சட்டியில மிச்சம் இருக்குதா?"

இல்லை என்று அவன் சொன்ன பிறகுதான் அகப்பையை மறுபடி எடுத்தாள்.