மடியில் வந்த கடல்

2003 ஆடி. போர்நிறுத்தம் வந்து பாதை திறந்திருந்தது. காலை ஐந்து மணிக்குத் திருகோணமலையில் கண்டி பஸ் ஏறினேன். மடியில் ஒரு போத்தல். அதில் கடற்பஞ்சின் சாறு.

கடற்பஞ்சு பாறையில் ஒட்டி வாழும் உயிர். ஓடி ஒளியத் தெரியாததால், பூஞ்சணம் அண்டாதபடி தானே ஒரு மருந்தைச் சுரந்துகொள்கிறது. தேயிலையின் கொப்புள நோயும் பூஞ்சணத்தால் வருவதுதான். அதற்குச் செம்பு மருந்து அடித்தே கை நீலம் பாய்ந்தவர்கள் நடுவே வளர்ந்த எனக்கு, இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆசை. என் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியரின் சட்டம் கடுமையானது: ஒரு பஞ்சில் ஒரு விரலளவு வெட்டலாம், அடியைத் தொடாமல் ஒரு வருடம் வளர விடவேண்டும். கொழுந்து பறித்த அம்மாவின் கைக்கும் அதே சட்டந்தான். இரண்டு இலை, ஒரு மொட்டு, மிச்சம் செடிக்கு. அப்படிச் சேர்ந்தது இந்த ஒரே போத்தல். திங்கட்கிழமை எங்கள் தோட்டத்து நாற்றுமேடையில் சோதித்துப் பார்க்க, தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா இடம் தந்திருந்தார்.

கண்டியில் ரயிலுக்கு மாறினேன். நாவலப்பிட்டி தாண்டியதும் பழைய குளிர் வந்து காதைப் பிடித்தது. எவ்வளவு ஏங்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. எதிரே இருந்த அம்மாள் பேச்சுக் கொடுத்தார்.

“எங்கருந்துங்க தம்பி வர்றீங்க?”

“திருகோணமலைங்க.”

“கோணேசர் தீர்த்தமுங்களா? அதான் மடியிலயே வச்சிருக்கீங்க.”

விளக்கி முடிப்பதற்குள் ஹட்டன் வந்துவிடும் என்று சிரித்து வைத்தேன்.

ஹட்டனில் மழை. டிக்கோயா வழியாக நோர்வூட் போய், எங்கள் தோட்டத்து லயத்து வீட்டை அடைய இருட்டிவிட்டது. அக்கா வாசலிலேயே போத்தலை வாங்கிக்கொண்டார். “பத்திரங்க்கா” என்று மட்டும் சொல்லி, ரொட்டியும் கட்டச்சம்பலும் தின்று தூங்கிப்போனேன்.

ஞாயிறு காலை எழுந்தால், போத்தல் கழுவிக் கவிழ்த்திருந்தது.

“இதுல இருந்தது எங்கக்கா?”

“அம்மாவுக்கு ஊத்திட்டேன்பா. சாகுறப்ப கோணேசர் தீர்த்தம் ஒரு சொட்டு கேட்டாங்கல்ல. அப்ப பாத மூடியிருந்துச்சு, யாரால போக முடிஞ்சிச்சு? நீ நெஞ்சோட அணைச்சுக் கொண்டாந்தத பாத்ததும் எனக்கு அழுகையே வந்துருச்சு.”

ஒரு வருட உழைப்பு மண்ணுக்குள் போய்விட்டது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும், அது தீர்த்தமில்லை என்று சொல்வதை விட்டுவிட்டு, வெறும் போத்தலை எடுத்துப் பைக்குள் வைத்தேன். அம்மாவைப் புதைத்த சரிவுக்குப் போனேன். சுற்றிலும் தேயிலை, அதன்மேல் ஆடி மழை. மண்ணில் கடல் வாடை இருக்கிறதா என்று குனிந்துகூடப் பார்த்தேன்.

கண்டாக்கு ஐயாவிடம், “அடுத்த ஆடிக்கு வர்றேங்க” என்றேன்.

திருகோணமலைக்குத் திரும்பியதும், பஞ்சு வெட்ட என்னைக் கூட்டிப்போகும் படகுக்காரர் ஒரு வழி சொன்னார். “அடியோட வெட்டினா நாளைக்கே ஒரு போத்தல் நிரம்பும் தம்பி. கடலுக்க ஆர் பார்க்கப் போகினம்?” ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நீருக்குள் இறங்கிப் பார்த்தபோது, வெட்டிய இடங்களில் மெல்லிய புதுத்தோல் மூடத் தொடங்கியிருந்தது. கவாத்து வெட்டிய மலையில் முதல் துளிரைக் கண்டதும் அம்மா கையை மடக்கிக்கொள்வார். நானும் கத்தியை மடக்கினேன்.

அடுத்த ஆடியில் அதே ரயிலில் இரண்டு போத்தல்களோடு போனேன். ஒன்று நாற்றுமேடைக்கு. மற்றதில் இருந்த உண்மையான கோணேசர் தீர்த்தத்தை, அக்கா கொழுந்து பறிக்கப் போன பிறகு, தனியே சரிவுக்குப் போய் அம்மாவுக்கு ஊற்றினேன்.