வெள்ளி ஒட்டிய குட்டி

இடி இடித்தால் எங்களுக்கு விடுமுறை. பட்டாசுக் கம்பெனியில் அதுதான் வழக்கம். வானம் ஒரு தரம் உறுமினால் போதும், கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். கல்யாணமான முதல் வருடம், தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்த ஒரு மதியம், எம். புதுப்பட்டிக் கம்பெனியிலிருந்து அப்படித்தான் வேனில் திரும்பினேன். கழுத்து, காது மடல், நகக்கண் எல்லாம் வெள்ளி. அலுமினியப் பவுடர் வியர்வையில் ஊறினால் லேசில் போகாது. மழைக்கு முந்திய அந்த மஞ்சள் வெளிச்சத்தில் வேனுக்குள் இருந்த அத்தனை பெண்களும் மினுங்கினோம், தேரில் ஏறிய சாமிகள் மாதிரி.

ஆமத்தூர்ப் பக்கம் கரிசல் காட்டுக்குள் ஒற்றை வீடு எங்களுடையது. மக்காச்சோளம் அப்போது கணுக்கால் உயரம். ஒரு பசு, ஒரு சினை ஆடு. ஆடு என்னுடையது, அம்மா வீட்டிலிருந்து என்னோடு வந்தது. கணவர் லாரியில் லோடு ஏற்றிப் போனால் ஐந்தாறு நாள் ஆகும். சாணி அள்ள, தண்ணீர் இறைக்க, புல் அறுக்க, களை பார்க்க மாமியாரும் நானும்தான். அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

"ஏத்தா, இந்த ஈத்துல ஒரு பெட்டைக்குட்டி நெலைச்சுட்டா, தீபாவளியோட கம்பெனிக்கு ஒரு கும்பிடு போட்டுரு. ஆட்டைப் பெருக்கிக்கிட்டு இங்கனயே இரு" என்று அத்தை சொல்லியிருந்தார். அந்தச் சொல்லை முந்தியில் முடிந்துகொண்டுதான் தினமும் வேன் ஏறினேன்.

அத்தையிடம் ஒரு சட்டம் உண்டு. கம்பெனியிலிருந்து வந்தால் வாசல் தொட்டியில் குளித்த பிறகுதான் அடுப்படி, தொழுவம் எல்லாம். அன்று வேன் இறங்கும்போதே தொழுவத்தில் ஆடு கத்தியது. அத்தை புல்லுக்குப் போயிருந்தார். ஓடினேன். ஒரு குட்டி விழுந்து, தாய் அதை நக்கிக்கொண்டிருந்தது. கிடா. இரண்டாவது குட்டி சவ்வோடு மண்ணில் கிடந்தது. அசைவில்லை. சேலைக்கு மேல் போட்டிருந்த கம்பெனிச் சட்டையாலேயே மூக்கைத் துடைத்து, வாயில் ஊதி, உடம்பெல்லாம் தேய்த்தேன். தும்மியது. கறுப்பு. பெட்டை! முதுகில் வெள்ளிக் கோடுகள் மின்ன, எனக்கென்று வானத்திலிருந்து கழன்று விழுந்த துண்டு மாதிரி இருந்தது.

தாய் முகர்ந்தது. ஓரடி பின்வாங்கியது. முட்டித் தள்ளியது.

மறுபடி கொண்டுபோய் விட்டேன். மறுபடி முட்டு. கிடாவுக்கு மட்டும் மடி.

புல்லுக்கட்டோடு வந்த அத்தை என்னைப் பார்த்தார், குட்டியைப் பார்த்தார். "குளிச்சியா?"

வெள்ளி படிந்த கையைப் பின்னால் மறைத்தேன்.

"அடி கிறுக்கச்சி! மத்தாப்பு வாடையைப் பூசி வச்சா, தன் பிள்ளைன்னு அது எப்படிடீ நம்பும்?"

"தொடைக்கலைன்னா செத்திருக்கும், அத்தை."

அவர் புல்லுக்கட்டை இறக்கினார். "அதுவும் நெசந்தான். போ, மொதல்ல குளி."

சீயக்காய் போட்டு இரண்டு தரம் குளித்தேன். அதற்குள் அத்தை குட்டியை வெந்நீரில் கழுவி, சாக்கில் துவட்டி, அடுப்போரம் காயவைத்திருந்தார். தாயின் சீம்பாலைப் பீய்ச்சித் தலையிலிருந்து வால்வரை தடவி, உப்புத்தூளும் தூவி, முன்னால் விட்டோம். நக்கியது. எனக்கு நெஞ்சு நிறைந்த அந்த நொடியில் வாலை முகர்ந்தது. முட்டியது.

"உப்புக்கு நக்கியிருக்கு, களுதை" என்றார் அத்தை.

மறுநாள் காலை வேன் ஹாரன் அடித்தது. நான் ஆட்டைத் தொடைக்கிடையில் இடுக்கிக்கொண்டு குட்டிக்குக் காம்பைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பால் பாதி என் முகத்தில். அத்தைதான் ரோட்டுக்குப் போனார்.

"அவ வரமாட்டா. வீட்டுல பிள்ளைப்பேறு!"

"என்ன சொல்றீக? யாருக்கு?" என்றது வேனுக்குள்ளிருந்து ஒரு குரல்.

"ஆட்டுக்கு!"

வேன் மொத்தமும் சிரித்தது தொழுவம்வரை கேட்டது.

அன்றும் அடுத்த நாளும் அதே பாடுதான். பிடி, இடுக்கு, ஊட்டு, உதை வாங்கு. நடுவில் சாணி, சமையல், களை. வெளியே மழை நிதானமாகப் பெய்தது. பயிர் குடித்தது, கரிசல் குடித்தது, பூமியில் எல்லாமே யாரையும் கேட்காமல் குடித்தன. இந்த ஒன்றுக்குத்தான் நான் கால் பிடிக்க வேண்டியிருந்தது. கை வலித்தது. ஆனாலும் அந்தச் சின்ன வாய் முட்டி முட்டி இழுக்கும்போது, என்னையே யாரோ ஒரு பக்கமாக இழுப்பது போல இருந்தது.

மூன்றாம் நாள் காலை தொழுவம் கூட்டிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம். கத்தல் இல்லை, தொண்டைக்குள்ளேயே உருளும் தாழ்ந்த குரல். திரும்பினேன். கறுப்புக் குட்டியின் வாலை முகர்ந்தபடி, காலை அகட்டி நின்று பால் கொடுத்துக்கொண்டிருந்தது தாய். யாரும் பிடிக்கவில்லை. குட்டியின் வால் மட்டும் படபடவென்று ஆடியது. விளக்குமாறோடு அப்படியே நின்றேன்.

"என்னத்தா, சத்தத்தையே காணோம்?" அடுப்படியிலிருந்து அத்தை.

"குடிக்குது, அத்தை. தானா குடிக்குது."

ஈரக்கையைத் துடைத்தபடி வந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "சரி. தீபாவளி வரைக்கும் போயிட்டு வா, அவுகளுக்கும் ஆர்டர் நிக்கும்லா. பெறகு ஒனக்கு இங்கனதான் சோலி."

அப்போதே ஹாரன் கேட்டது. குட்டியை ஒரு தரம் மார்போடு அணைத்து இறக்கிவிட்டு ஓடினேன்.

வேனில் பக்கத்து இருக்கைக்காரி மூக்கைப் பொத்தினாள். "ஏய், ஆட்டு வாடை கொடலைப் பொரட்டுது! குளிச்சியா இல்லையா?"

"குளிக்கல" என்று சொல்லி, ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தேன்.