மேடம் விரல் வைத்த வரி

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி. ஏழெட்டு ஆங்கில எழுத்துகள், ஒரு சின்னக் கோடு, கடைசியில் நாலு என்ற எண். எனக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் அந்த வரியை இன்றைக்குக் கேட்டாலும் படம் வரைவதுபோல் வரைந்து காட்டிவிடுவேன். மேடம் அதன்மேல் ஆள்காட்டி விரலை வைத்து வாய்விட்டுப் படிப்பார். பிறகு என் பக்கம் திரும்பி, "அக்கா, நீங்களும் ஒருக்கா பாத்துருங்க" என்பார். நான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து குனிவேன். கடைசியில் நாலு இருக்கிறதா என்று மட்டும் நான் பார்க்க வேண்டும். இருக்கிறது என்று தலையை ஆட்டிய பிறகுதான் அவர் பொத்தானை அழுத்துவார். படித்தவர் ஒருவர் தன் வேலையைச் சரிபார்க்க என்னைக் கூப்பிட்டது என் ஆயுளில் அந்த அறையில் மட்டும்தான்.

புனேயில் ஆகுர்டிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி அது. என் வீட்டுக்காரர் தாபோடியில் ஒரு பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்து, தொண்ணூறுகளின் நடுவில் நெஞ்சுவலியில் போய்விட்டார். ஊருக்குத் திரும்பிப் போனால் அண்ணன் வீட்டில்தான் இருக்க வேண்டும். அதற்கு இங்கேயே தரை துடைக்கலாம் என்று தோன்றியது. தெரிந்தவர் ஒருவர் கல்லூரியின் கம்ப்யூட்டர் துறையில் சேர்த்துவிட்டார். பெருக்குவது, துடைப்பது, டீ கொண்டுவருவது, அறைகளைத் திறந்து பூட்டுவது. அங்கே என் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. வேலைக்காரப் பெண்களை எல்லோரும் கூப்பிடுவதுபோல் என்னையும் மாவ்ஷி என்றார்கள். மராத்தியில் சித்தி என்று அர்த்தம். சித்தி என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தள்ளிவிடச் சொல்வார்கள்.

மேடம் கணவரின் வேலைக்காகப் புனே வந்த கோயம்புத்தூர்க்காரர். முப்பது வயதிருக்கும். என் பேச்சில் தமிழ் வாடை அடித்ததைக் கண்டுபிடித்து, முதல் நாளே என்னை அக்கா என்று கூப்பிட்டார். கல்லூரியின் பெரிய கம்ப்யூட்டர் அவர் பொறுப்பு. பிள்ளைகள் எழுதியது, வாத்தியார்கள் எழுதியது, கடிதப் போக்குவரத்து எல்லாம் அதற்குள்தான். அதை நடத்துகிற அடிப்படை ஒன்று உண்டாம், ஆபரேட்டிங் சிஸ்டம் என்பார். "மெஷின்ல முதல்ல எந்திரிக்கிறதே அதுதானுங்க்கா. மத்ததெல்லாம் அது மேல ஏறித்தான் நிக்குது." அதில் எங்கேயாவது ஓட்டை இருக்கிறதென்று உலகத்தில் யாராவது கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டே இருப்பார்களாம். அதை அடைக்கிற வழியையும் அதை உருவாக்கியவர்கள் எழுதி வைப்பார்களாம். மேடம் மாதம் ஒரு தடவையாவது அந்த மூல எழுத்தையெல்லாம் தொலைபேசிக் கம்பி வழியாக இறக்கி, இங்கேயே முழுசாகக் கட்டி எழுப்பி, பழையதன் இடத்தில் வைப்பார். கட்டுவதற்கே ஐந்தாறு மணி நேரம் ஆகும். ஆகுர்டிப் பக்கம் வியாழக்கிழமை தோறும் மின்சாரத்தை நிறுத்துவார்கள் என்பதால் அந்த நாளை விட்டுவிட்டு, பிள்ளைகள் குறைவாக வரும் சனிக்கிழமையில்தான் ஆரம்பிப்பார். எழுத்துகள் கீழிருந்து மேலே ஓடிக்கொண்டே இருக்கும். அவர் சாப்பிடப் போகும்போது நான் முக்காலியில் உட்கார்ந்து காவல் காப்பேன். ஓட்டம் நின்றால் போய்ச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

நன்றாக ஓடுகிறதை ஏன் மாதாமாதம் பிரித்துக் கட்டுகிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். "ஓடுதுன்னா ஓட்டை இல்லைன்னு அர்த்தமுங்களா?" என்று சிரித்தார். அப்புறம்தான் அந்த நாலின் கதையைச் சொன்னார். உருவாக்குகிறவர்கள் இரண்டு கிளையாக வைத்திருக்கிறார்கள். ஒன்றில் தினம் புதிது புதிதாகச் சேர்ப்பார்கள். இன்றைக்கு நிற்கும், நாளைக்கு விழும். அது அவர்கள் சோதித்துப் பார்க்கிற இடம். இன்னொன்று நிலையான கிளை. முதல் கிளையில் போட்டு, அடிபட்டு, தேறி வந்தது மட்டும்தான் அதற்குள் வரும். புதுமை குறைவு, நம்பிக்கை அதிகம். நாலு என்று முடிந்தால் நிலையான கிளை. நாலு இல்லாமல் வெறும் புள்ளி இருந்தால் சோதனைக் கிளை. "பிள்ளைகளோட படிப்பு இதுல இருக்குதுங்க்கா. நாம சோதனை பண்ணிப் பாக்கறதுக்கு இல்ல." அதற்காகத்தான் விரல், அதற்காகத்தான் வாய்விட்டுப் படிப்பது, அதற்காகத்தான் நான்.

எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. எதுவும் நடக்காததால் அவருக்கு வேலையே இல்லை என்று மற்றவர்கள் நினைத்தார்கள். முக்கியமாக, துறையில் இரண்டாவது இடத்திலிருந்த சார். அவருக்கு எல்லாம் புதிதாக இருக்க வேண்டும். கைக்கடிகாரம் புதிது, பேனா புதிது, பேச்சில் வரும் வார்த்தைகளும் புதிது. கிழிந்த துணியில் இழை கோத்துத் தைப்பதை அங்கே ரஃபூ என்பார்கள். மேடத்துக்கு ரஃபூவாலி என்று பெயர் வைத்தவர் அவர்தான். வராந்தாவில் மேடம் போகும்போது, நம் ரஃபூவாலி போகிறார், யாருக்காவது சட்டை கிழிந்திருக்கிறதா என்று கேட்பார். மற்ற வாத்தியார்கள் சிரிப்பார்கள். மேடம் ஒரு நாள் நின்று, உங்கள் சட்டை இன்னும் கிழியாமல் இருப்பது எதனால் என்று நினைக்கிறீர்கள் என்று இந்தியில் கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்கும் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சார் சிரிக்கவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு மழைக்காலம். மேடத்தின் அப்பாவுக்குக் கோயம்புத்தூரில் ஆபரேஷன். செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையும் காந்த நாடாவில் ஏற்றிப் பத்திரப்படுத்தி வைத்துவிட்டு, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த திங்கள்கிழமை பல்கலைக்கழகத்திலிருந்து கல்லூரியைப் பார்க்க ஒரு குழு வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை சார் வந்து அறையைத் திறக்கச் சொன்னார். அவசரத்துக்கென்று கடவுச்சொல் எழுதி ஒட்டி வைத்த உறை அவரிடம்தான் இருக்கும். அதைக் கிழித்தார். வருகிற குழுவுக்கு எல்லாவற்றிலும் புதியதைக் காட்டப் போவதாக, பக்கத்திலிருந்த ஒரு வாத்தியாரிடம் சொல்லி அனுப்பிவிட்டு உட்கார்ந்தார். நான் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். திரையில் அந்த வரி வந்தது. எழுத்துகளை அழித்தார். நாலையும் அழித்தார். ஒரு புள்ளி வைத்தார்.

நான் வாய் திறக்காதவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் தண்ணீர் கேட்கக்கூட எனக்குக் கூச்சம். அன்றைக்கு என்னையும் மீறி, சார், அங்கே நாலு இருக்கும் என்று இந்தியில் சொல்லிவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். கோபம்கூட இல்லை. மேசை பேசினால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். "மாவ்ஷி, சாய்" என்றார். போய் டீ கொண்டுவந்தேன்.

நாள் முழுக்க எழுத்துகள் ஓடின. இரண்டு தடவை நின்றன. இரண்டு தடவையும் ஏதோ தட்டி ஓடவைத்தார். மேடம் என்றால் நின்ற இடத்தில் காரணம் தெரியும்வரை நகரமாட்டார். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பழையதன் மேல் புதியதை வைத்து, மெஷினை அணைத்து, போட்டார். எழுந்திருக்கவில்லை. மறுபடி போட்டார். நாலு வரி வந்து நின்றது. சாரின் கழுத்தில் வேர்வை இறங்குவதை நான் பார்த்தேன். மறுநாள் ஒரு குறுந்தகட்டைக் கொண்டுவந்து போட்டு, உள்ளே இருந்த அத்தனையையும் அழித்து முதலிலிருந்து ஏற்ற முயன்றார். அதுவும் பாதியில் நின்றது. கடைசி வருடப் பிள்ளைகள் ஒப்படைக்க வேண்டிய வேலையில், மேடம் நாடாவில் ஏற்றிய பிறகு மூன்று நாள் எழுதியதெல்லாம் போய்விட்டது. திங்கள்கிழமை வந்த குழு இருட்டுத் திரையைப் பார்த்துவிட்டுப் போனது. பிள்ளைகள் முதல்வர் அறை வாசலில் உட்கார்ந்து கத்தினார்கள். யாரையாவது காட்ட வேண்டிய நிலை வந்தது.

சார் காட்டினார். மாதாமாதம் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு நைந்து போயிருந்தது, அந்த அம்மாள் ஊருக்குப் போனதும் கிழிந்துவிட்டது, விழுந்த பிறகு காப்பாற்றத்தான் நான் உறையைப் பிரித்தேன் என்றார். மேடம் புதன்கிழமை வந்து சேர்ந்தார். நிலையான கிளையைத் தவிர வேறு எதையும் நான் தொட்டதில்லை, யாரோ கிளையை மாற்றியிருக்கிறார்கள் என்றார். ஆனால் யார் எதை மாற்றினார்கள் என்று மெஷினில் எழுதியிருந்ததெல்லாம் அழிந்துவிட்டது. அன்று காலை சார் சொன்னதைக் கேட்ட வாத்தியார் தனக்கு ஞாபகமில்லை என்றுவிட்டார். மிச்சமிருந்த சாட்சி சாவி வைத்திருந்த நான்.

விசாரணைக்கு முந்தின நாள் சார் என்னை வராந்தாவில் நிறுத்தினார். மிரட்டவில்லை. நிரந்தர வேலைக்கான என் காகிதம் அவர் மேசையில் இருக்கிறது என்றும், எப்படியாவது முடித்துக்கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருப்பதாகவும் அன்பாகச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். தலையாட்டுவதில்தான் எனக்குப் பழக்கம் இருந்தது.

முதல்வர் அறையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு எதிரே மேடம் நாற்காலியில், நான் கதவோரம். வெள்ளிக்கிழமை அந்த அறையில் யார் என்ன செய்தார்கள் என்று முதல்வர் இந்தியில் கேட்டார். நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார்.

"பயப்படாதீங்க அக்கா. அந்த வரியைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். நாலு இல்ல. சார்தான் அழிச்சாவ. வெறும் புள்ளிதான் வச்சாவ."

அது எப்படி வெளியே வந்ததென்று எனக்கே தெரியவில்லை. தமிழில் கேட்டதால் தமிழில் வந்துவிட்டது. அந்த அறையில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் வந்துவிட்டது. முதல்வர் மேசையைத் தட்டி, என்ன சொல்கிறாயோ இந்தியில் சொல் என்றார். சார் பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். "குச் மாலூம் நஹி சாஹேப்" என்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது. நான் படிக்காதவள் என்றும் சேர்த்துக்கொண்டேன். ஒருவர் லேசாகச் சிரித்தார். முதல்வர் மேடத்திடம் திரும்பி, உங்களிடம் இவள் என்ன சொன்னாள் என்று கேட்டார். மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதாவது சொல்லு என்று எனக்கு விட்ட நேரம் அது. நான் தரையைப் பார்த்தேன். காலையில் நான் துடைத்த தரைதான்.

இந்த அக்கா தனக்கு எதுவும் தெரியாது என்றுதான் என்னிடமும் சொன்னார் என்று மேடம் இந்தியில் சொன்னார்.

அவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். நான் சொன்னதை அப்படியே அங்கே போட்டு உடைத்திருக்கலாம். யாரும் நம்பியிருக்கமாட்டார்கள், என் வேலையும் போயிருக்கும், ஆனால் நான் பொய் சொன்னவளாக நின்றிருப்பேனே தவிர, காப்பாற்றப்பட்டவளாக நின்றிருக்கமாட்டேன். இதற்காக எத்தனையோ வருடம் அவர்மேல் கோபப்பட்டிருக்கிறேன். என்மேல் படவேண்டிய கோபத்தைச் சுமக்க எனக்கு வேறு ஆள் தேவைப்பட்டது.

அந்த வாரமே மேடம் போய்விட்டார். அவராகப் போனார் என்று காகிதத்தில் இருக்கும். போவதற்கு முன் இரண்டு நாள் உட்கார்ந்து, நாடாவிலிருந்து எடுத்து, பழைய நிலையான கிளையிலேயே எல்லாவற்றையும் நிறுத்திக் கொடுத்துவிட்டுத்தான் போனார். அந்த இரண்டு நாளும் நான் அறைக்குள் போகவில்லை. டீயை வேறொருத்தியிடம் கொடுத்தனுப்பினேன். அதற்குப் பிறகு யாரும் ஓட்டை அடைக்கவில்லை. ஒரு வருடத்துக்குள் வெளியாள் எவனோ உள்ளே நுழைந்து, எங்கள் கல்லூரியின் பெயரில் ஊரெல்லாம் குப்பைக் கடிதம் அனுப்பினான். அதையும் விட்டுப்போனவரின் கணக்கில்தான் எழுதினார்கள். சார் துறைத் தலைவரானார். என் காகிதத்தில் அவர்தான் கையெழுத்துப் போட்டார். அந்தச் சம்பளத்தில் வாடகை கொடுத்தேன், மகளைக் கட்டிக்கொடுத்தேன், ஓய்வு பெற்றேன்.

மகள் நான் தமிழில் எழுதிய இதைப் படித்துவிட்டு, இத்தனை வருடம் கழித்தாவது உண்மையைச் சொல்லிவிட்டாயே அம்மா என்றாள். சொல்லிவிட்டேன்தான். சாருக்குத் தமிழ் தெரியாது. முதல்வருக்குத் தெரியாது. அந்த அறையில் உட்கார்ந்திருந்த எட்டுப் பேரில் ஒருவருக்கும் தெரியாது. இந்தியில் எழுதித் தருகிறேன், கல்லூரிக்கு அனுப்பட்டுமா என்று மகள் கேட்டாள். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.