பீஸ்தான் என்றேன்

மனைவியின் இடது கை முதன்முதலில் வெட்டி இழுத்தது குசினியில், அடுப்படியில் நின்றபோது. தேத்தண்ணி கொட்டியது. முகத்தின் அந்தப் பக்கமும் ஒரு கணம் கோணி, உடனே சரியாகியது.

"பீஸ் அசைஞ்சிருக்கும்," என்றேன். எறிகணைச் செல் விழுந்து சிதறி உடம்பில் ஏறும் இரும்புத் துண்டை நாங்கள் பீஸ் என்போம். கடைசிச் சண்டையில் ஏறியது ஒன்று அவளுடைய தோளில் இன்னும் கிடக்கிறது. கை இழுத்தாலும் கால் உளைந்தாலும் எங்கள் பக்கத்தில் பீஸ்தான். புதுக்குடியிருப்பில் உயிரியல் படிப்பிக்கும் எனக்கும் வேறு யோசனை வரவில்லை. வெட்கக்கேடு.

மூன்று மாதம் தைலம் பூசினேன். இழுப்பு நாளுக்குப் பல தரம் வந்தது. பிறகு, சந்தையில் நின்றுகொண்டு எதற்கு வந்தோம் என்று கேட்டாள். அதன் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் இளம் டொக்டர் பிள்ளை ஒருத்தி தாளில் வரைந்து காட்டினாள். "சேர், குளூட்டமேட்தான் ஒரு நரம்புக் கலத்தில இருந்து அடுத்ததுக்குச் செய்தி கொண்டு போகுது. அதை வாங்குற ஏற்பிகள் இடத்தில நிக்க ஒரு துணைப் புரதம் வேணும். அவாவின்ர உடம்பே அந்தப் புரதத்தைத் தாக்குது. ஏற்பிகள் குறைஞ்சா ஞாபகம் நிக்காது. கை இழுக்கிறதும் இந்த வருத்தத்தாலதான்."

"பீஸ் இல்லையோ?"

"இல்லை சேர். கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம்."

கரும்பலகையில் எத்தனையோ தரம் ஏற்பியை வரைந்திருக்கிறேன். அதை எது பிடித்து வைத்திருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

மருந்து ஏற்றினார்கள். சில கிழமையில் இழுப்பு நின்றது. போன ஞாபகம் வரவில்லை. அந்த மூன்று மாதத்துக்காக என்னை நான் மன்னிக்கப்போவதில்லை.

எங்களுக்கு ஒரு மகள் இருந்தாள். ஆறு வயதில், தாயின் தோளில் பீஸ் ஏறிய அதே செல்லில் போய்விட்டாள். இடம்பெயர்ந்து ஓடியதில் ஒரு படமும் மிஞ்சவில்லை. அவளுடைய முகம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு மறந்துபோவதை மனைவிதான் எடுத்துச் சொல்வாள்.

நேற்றுப் பின்னேரம் முற்றத்தில் கதிரை போட்டு இருந்தோம். பக்கத்து வீட்டுச் சிறுமி சைக்கிள் பழகுவதைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்.

"ஏனப்பா, எங்களுக்குப் பிள்ளையள் இல்லையோ?"

"ஒரு பொம்பிளைப் பிள்ளை இருந்தவள்."

"எப்பிடி இருப்பாள்?"

சொல்லத் தொடங்கினேன். சுருட்டை முடி, முன்பல் ஒன்று விழுந்திருந்தது. எந்தப் பக்கத்துப் பல் என்று வரவில்லை. வழக்கம்போல அவளைத் திரும்பிப் பார்த்தேன். நான் சொல்வேன் என்று அவள் காத்திருந்தாள்.