சுழியாளின் குரல்

மன்னார்ப் பக்கம் முருங்கனுக்கு உட்புறம் இருக்கும் ஒரு வயற்கிராமத்தில் பிறந்த பிரணவன் சித்திரக்கதைப் புத்தகம் போடப்போகிறான் என்றபோது ஊரில் எவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அவன் தகப்பன் விட்டுப்போன வயலைக் குத்தகைக்குக் கொடுத்தான். மன்னார் நகரத்தில் ஓர் அச்சகத்தின் பின்னறையில் மேசை போட்டுக்கொண்டு தானே எழுதி, தானே வரைந்து, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூட வாசல்களில் விற்றான்.

அவனுடைய கதைகளில் மூன்று வீரர்கள். முட்கம்பியை வெறுங்கையால் நூலாகத் திரிக்கும் மாயன், வறண்ட குளத்தை மூச்சு விட்டு நிரப்பும் முகிலன், கடலில் சுழி கிளப்பும் சுழியாள். பிள்ளைகள் சுழியாளைத்தான் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். இந்தியக் கரையிலிருந்து வந்து கடலின் அடிவரை வழித்துப்போகும் இழுவைப்படகுகளின் மடிவலைகளை அவள் சுழிக்குள் இழுத்து அறுத்துவிடுவாள். தாழ்வுபாட்டுக் கடற்கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஆட்களே பிள்ளைகளிடமிருந்து பறித்துப் பார்த்தார்கள்.

சுழியாளின் முகம் அவனுடைய தங்கை டிலக்சனாவின் முகம். அவள் ஊரிலே முன்பள்ளி ஆசிரியை.

"என்ரை மூக்கு இவ்வளவு பெரிசே அண்ணா?"

"சுழி கிளப்பிறவளுக்கு அந்த மூக்குத்தான் வேணும். சும்மா இரு."

புத்தகத்தோடு நின்றுவிடக் கூடாது என்ற ஆசை பிரணவனுக்கு வந்தது. சுழியாளின் கதையை ஒலிநாடகமாகச் செய்தார்கள். எதிரொலி விழாமலிருக்க வீட்டு அலுமாரியைத் திறந்து, தொங்கிய சேலைகளுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு டிலக்சனா பேசினாள்; பிரணவன் கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அது ஊர்விட்டு ஊர் பரவி, கனடாவில் இருப்பவர்கள்வரை கேட்டார்கள். கேட்டவர்களில் கொழும்பு நிறுவனம் ஒன்றின் முகாமையாளர் துஷாந்தனும் ஒருவர். அவர் வாகனம் பிடித்து மன்னாருக்கே வந்துவிட்டார்.

"பிரணவன், இது புத்தகத்தோடை நிக்கிற சாமான் இல்லை. முதல் கார்ட்டூன், பிறகு கேம், அதுக்குப் பிறகு படம். உங்கடை மூண்டு பேரையும் உலகம் முழுக்கக் கொண்டுபோறம்."

பிரணவன் கையெழுத்து வைத்தான். தங்கையும் வைத்தாள். குரல் பதிவுக்கு அவளைக் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "கதையிலை இல்லாததெல்லாம் வாசிக்க விட்டவையள் அண்ணா. கதவு திறந்திருக்குது, மாம்பழம் இனிக்குது எண்டு. சிரிக்கச் சொல்லிச்சினம், அழச் சொல்லிச்சினம். என்னத்துக்கெண்டு கேட்டா, மெஷினுக்கு எண்டினம்."

கார்ட்டூனின் முதல் காட்சிகள் வந்தபோது சுழியாள் வெள்ளையாக இருந்தாள். மூக்கு சின்னதாகியிருந்தது. இழுவைப்படகுகள் இல்லை; இந்தியாவில் விற்க வேண்டுமென்று அவற்றை எடுத்துவிட்டு, வானத்திலிருந்து இறங்கும் இரும்புப் பூதங்களைப் போட்டிருந்தார்கள். மாயனும் முகிலனும் அடுத்த கட்டத்தில் வருவார்கள் என்றார் துஷாந்தன். அந்த அடுத்த கட்டம் வரவேயில்லை.

அந்த மாரியில் டிலக்சனாவுக்குக் காய்ச்சல் கண்டது. டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகும் அவள் கதைத்துக்கொண்டுதான் இருந்தாள். பிறகு இரத்தம் கக்கினாள். முன்பள்ளிப் பிள்ளைகள் சீருடையோடு வந்து அவளுடைய சவப்பெட்டியைச் சுற்றி நின்றார்கள். பிரணவன் அச்சகத்துப் பின்னறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு, குத்தகையை மீட்டு வயலுக்குத் திரும்பினான்.

சிறுபோகம் விதைத்த காலத்தில் ஒரு மாலை, கிணற்றடியில் நின்றவனைத் தாய் சிவலட்சுமி கத்திக் கூப்பிட்டாள். ஓடிப்போனான். தொலைக்காட்சியில் அந்த வெள்ளைச் சுழியாள் முதியவர்களுக்கான பால்மா டின் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்தாள். டிலக்சனாவின் குரல்.

"அம்மா, இண்டைக்குப் பால் குடிச்சனீங்களே?"

அவள் ஒருபோதும் பதிவுசெய்யாத சொற்கள்; மெஷின் அவள் குரலில் செய்தவை. பிரணவன் கைத்தொலைபேசியை எடுத்தான். முற்றத்துக்குப் போய்த் துஷாந்தனை அழைத்தான்.

"செத்துப்போன பிள்ளையின்ரை குரலிலை நீங்கள் எப்பிடிப் பால்மா விக்கலாம்? நிப்பாட்டுங்கோ. இல்லாட்டிக் கோட்டுக்குப் போவன்."

"எனக்கும் கவலைதான் பிரணவன். ஆனா குரலும் சேர்த்துத்தானே ரெண்டு பேரும் எழுதித் தந்தனீங்கள்."

பின்னால் சிவலட்சுமி வந்து நின்றிருந்தாள். "ஏன் தம்பி நிப்பாட்டச் சொல்லுறாய்? அவள் என்னைத்தானே கேக்கிறாள்."

அன்றிலிருந்து, அந்த விளம்பரம் வரும் தொலைக்காட்சி நாடகம் தொடங்கும் நேரத்துக்கு அவள் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிடுவாள். குரல் கேட்டதும், "ஓம் பிள்ளை, குடிச்சனான்" என்று மறுமொழி சொல்லுவாள். பழைய ஒலிநாடகத்தைப் பிரணவன் போட்டுக் காட்டினான். "இது நடிப்பெல்லோ. இதிலை அவள் என்னோடை கதைக்கேல்லை" என்று தள்ளிவிட்டாள். அவன் வழக்கறிஞரைப் பார்க்கப் போகவில்லை. விளம்பரம் வரும் நேரத்தில் வயலில் நிற்கப் பழகிக்கொண்டான்.

ஒருநாள் வீட்டுக்குள் வந்தபோது தாய் தொலைக்காட்சியின் முன் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அதே சுழியாள், அதே டின், குரல் வேறு. சென்னைத் தமிழில் யாரோ ஒருத்தி அதே கேள்வியைக் கேட்டாள்.

"இது ஆர் தம்பி? என்ரை பிள்ளை எங்கை?"

பிரணவன் மறுபடியும் முற்றத்துக்குப் போய் அழைத்தான். இந்தமுறை சத்தம் போடவில்லை.

"அண்ணை, பழைய குரலையே போடுங்கோ. அம்மா தேடுறா."

"என்ரை கையிலை ஒண்டும் இல்லை பிரணவன். கொம்பனியை இந்தியாக்காரர் வாங்கிட்டினம். அவையின்ரை ஆள் பேசுறா. பழையதெல்லாத்தையும் அழிச்சுப்போட்டினம் எண்டு கேள்வி. நானும் இந்த மாதத்தோடை வெளியிலை."

உள்ளே போனான். மறுபடி கதிரையில் உட்கார்ந்திருந்த சிவலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னவாம்?"

"நாளைக்குப் போடுவினமாம் அம்மா."

"நாளைக்கே? வடிவாக் கேட்டனீயே?"

"ஓம்."

அவள் அடுப்படிக்குப் போய்ப் பாலைக் கரைத்துக் கொண்டுவந்து, ஆறட்டும் என்று பக்கத்தில் வைத்தாள். பிரணவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினான். அன்றைக்கு அவனுக்கு வயலில் வேலை ஒன்றும் இருக்கவில்லை.